ஆதிமூலத்தின் நீலத்துக்குக் கதை கிடையாது

கே.எம். ஆதிமூலத்தின் வண்ண ஓவியம் ஒன்றைப் போனில் வைத்திருந்தேன். பழவேற்காட்டில் சித்தப்பா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது, டப்பாவ கவுத்துட்டானா?"

சிரித்துவிட்டேன். அவர் போனைத் திருப்பித் தரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நீலம் மஞ்சளோடு முட்டிக்கொள்கிற ஓரத்தில் விரலை வைத்து, "இங்க மட்டும் ஆழம்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பாத்தா தெரியுது" என்பதுதான் பதில்.

இலக்கியம் படிக்கிற நமக்கு ஆதிமூலம் என்றால் கோடு. 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட படங்கள் இல்லாமல் கி.ரா.வின் அந்த மனிதர்களை என்னால் இன்றும் கற்பனை செய்ய முடிவதில்லை. சிறுபத்திரிகை அட்டைகள், புத்தக முகப்புகள், எழுத்தாளர்களின் முகங்கள் என்று இரண்டு மூன்று தலைமுறை வாசகர்கள் அவரை எழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். அதில்தான் எனக்கு ஒரு குறை. எழுத்துக்கு அவர் செய்த பணியைக் கொண்டாடினோம். எழுத்தின் துணை இல்லாமல் அவர் வரைந்தவற்றின் முன்னால் போய் நிற்கவில்லை. அவர் இறந்தது 2008 ஜனவரியில். அந்தப் பெரிய எண்ணெய் வண்ணத் துணிகளைப் பற்றித் தமிழில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்து, சென்னைக்கு வந்து, அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை வரிசையாகக் கோட்டில் வரைந்தார். பிறகு வந்தவர்கள் ராஜாக்கள். என்னைக் கேட்டால் கதை அங்கேதான் திரும்புகிறது. காந்தி படங்களில் கோடு ஒரு உடம்பைச் சொல்கிறது: முட்டி, முதுகு, கைத்தடி. ராஜா படங்களில் கோடு வேலையை விட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறது. கவசமும் நகையும் தலைப்பாகையும் கோடு மேல் கோடாக ஏறி, உள்ளே ஆள் கரைந்துபோகிறார். அதிகாரத்தைக் கேலி செய்த படங்கள் என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் ஒரு ராஜாவின் மார்பை மட்டும் கையால் மறைத்து வெட்டிப் பாருங்கள். அது ஏற்கெனவே அரூபம்.

அதனால் 'கோட்டை விட்டு வண்ணத்துக்குத் தாவினார்' என்ற வழக்கமான வாக்கியத்தை நான் நம்பவில்லை. கறுப்பு மையில் உருவங்களையும் அவர் கடைசிவரை விடவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு கை.

அவருடைய வண்ண ஓவியங்கள் மட்டும் தொங்கிய ஒரு கூடத்தில் ஒரு மதியம் முழுக்க இருந்திருக்கிறேன். கூடத்தில் யாருமில்லை, காவலாளியும் தூங்கிவிட்டார். முதல் அரை மணி நேரம் நான் செய்தது ஒரே வேலைதான்: இது வானம், இது வயல், இது எங்க ஏரி என்று பேர் வைத்துக்கொண்டே போனேன். கதை படித்துக் கெட்டுப்போன கண்ணு. பேர் வைத்து முடிந்ததும் படம் செத்துப்போகிறது, அடுத்ததுக்கு நகர்ந்துவிடலாம். பேர் தீர்ந்துபோன பிறகுதான் சாயம் தெரிய ஆரம்பித்தது. சில இடங்களில் அது துணியின் மேல் வரப்பு மாதிரி தடித்து நிற்கிறது. பக்கத்திலேயே பரந்த சமதளம், ஒரே நிறம்போல இருந்து, நின்று பார்த்தால் உள்ளே நாலைந்து நிறமாகப் பிரிகிறது. தடித்த இடத்தில் கை வேகமாகப் போயிருக்கிறது; சமதளத்தில் பொறுமையாக. வரைந்த ஆளின் நேரம் அதில் அப்படியே உறைந்து கிடக்கிறது.

எல்லாப் படமும் அப்படி இல்லை. சிலவற்றில் நிறங்கள் ஒன்றோடொன்று ரொம்ப சுமுகமாக இருக்கின்றன. நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் சோபாவுக்கு மேல் மாட்டினால் யாரையும் தொந்தரவு செய்யாது. ராஜாக்களைக் கரைத்த கைக்கு அந்த அமைதி போதாது என்றே படுகிறது. நிறங்கள் முட்டிக்கொள்கிற படங்களில்தான் அவர் இருக்கிறார்.

இன்னொரு விஷயம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். ரெட்டப்ப நாயுடுவும் அங்கே இருந்தார். துணியில் நிறத்துக்குக் கதை வேண்டியதில்லை. கட்டத்தில் சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை ஏன் என்று லுங்கி வாங்குகிறவர் கேட்பதில்லை. பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். எங்க ஊர்க்காரனுக்கு இது புதுசே இல்லை. டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தது துணிக்காக. இங்கேயிருந்து போன துணியைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கினார்கள். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்னும் 'பெலிக்காட்' என்றுதான் சொல்கிறார்கள்; அது எங்க ஊர்ப் பேர். அரூபம் மேற்கிலிருந்து வந்த சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் என் இடுப்பைக் காட்டுவேன்.

கொஞ்சம் மிகைதான். கைலிக் கட்டமும் ஆதிமூலத்தின் துணியும் ஒன்றில்லை. தறியில் எல்லாம் எண்ணிக்கை. அவரிடம் எண்ணிக்கை கிடையாது, தூரிகை அடுத்து எங்கே போகும் என்பது அவருக்கே முன்னால் தெரிந்திருக்காது. ஆனால் நிறத்தை நிறமாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் எப்போதும் இருந்தது. அதை மறந்தவர்கள் புத்தகக்காரர்கள்தான், நான் உட்பட.

சித்தப்பா மறக்கவில்லை. மழைக்குப் பிறகு ஆரணியாற்றுத் தண்ணீர் ஏரிக்குள் இறங்கும்போது ஒரு நிறம். முகத்துவாரம் மண்ணால் அடைத்துக்கொண்டால் வேறு நிறம். கடல் உள்ளே வந்தால் இன்னொன்று. இறால் எங்கே, சேறு எங்கே என்பதெல்லாம் அவருக்கு நிறத்தில் இருக்கிறது. இதுக்கெல்லாம் பேர் உண்டா என்று கேட்டேன். "பேரு இன்னாத்துக்கு?" என்றார்.

இதை வைத்து அவரை ஓவிய ரசிகர் ஆக்கிவிட நான் தயாராயில்லை. அவர் பார்த்தது தண்ணீரை. ஆதிமூலம் தண்ணீரை வரைந்தார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. நான் அரை மணி நேரம் செய்த தப்பையேதான் அவரும் செய்திருக்கிறார் என்றுகூட வாதிடலாம். ஒரே வித்தியாசம், 'இது ஏரி' என்று அவர் சொல்லவில்லை. ஒரு ஓரத்தைத் தொட்டு, அங்கே ஏதோ நடக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து அந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் நீலம் முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது. கூடத்தில் ஒரு மதியம் முழுக்க இருந்தும் நான் கவனிக்காதது.

அசலின் முன்னால் அவரைக் கூட்டிப்போய் நிறுத்தணும். பட்டணத்துக்கு வரச் சொன்னால் சுலபத்தில் கிளம்ப மாட்டார். பாடு முறையில் அவர் தரப்புக்கு முறை வராத நாளாகப் பார்த்துத்தான் கேட்கணும்.