வால் தொடும் இடம்

அழைப்பிதழில் ஓடும் ஆங்கிலக் கையெழுத்து வகை எழுத்துருக்களைப் பார்ப்பவர்கள் பெரிய எழுத்துகளின் சுழிப்பில் மயங்கிவிடுகிறார்கள். நான் பார்ப்பது, சின்ன எழுத்து ஒன்றின் வால் அடுத்த எழுத்தைத் தொடும் இடத்தை. இந்த மரபின் தரம் அங்கேதான் தெரிகிறது.

ரோமில் 1522இல் லுடோவிகோ அர்ரிகி வெளியிட்ட 'லா ஒபெரினா' என்னும் கையேடு, போப்பாண்டவரின் செயலகத்தில் வழங்கிய சான்சரி எழுத்தைக் கற்பித்தது. அகல முனைப் பேனாவைப் பிடிக்கும் கோணமே அதில் தடிப்பையும் மெலிவையும் தந்தது. 1557இல் லியோன் நகரில் ராபர்ட் கிரான்ஜோன் 'சிவிலிதே' என்னும் அச்செழுத்தை வெட்டி, பிரெஞ்சுக் கையெழுத்தை ஈயத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அழைப்பிதழ் என்றதும் நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் ரவுண்ட் ஹேண்ட் என்னும் கையெழுத்துப் பாணி. கீழே இழுக்கையில் அழுத்தினால் பேனாவின் கூர்முனை விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறுகையில் மயிரிழையாகும். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்ட 'யுனிவர்சல் பென்மேன்' இந்த எழுத்தின் பெருங்களஞ்சியம்.

அதே மரபில் சார்லஸ் ஸ்னெல் வேறு வழி கண்டவர். வீண் சுழிப்பை வெறுத்தார். ரவுண்ட் ஹேண்டுக்கு அளவும் விதியும் வகுத்தார். என் ஓட்டு அவருக்குத்தான்.

ஈய அச்சு இந்த எழுத்தோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியது. எழுத்தோ சாய்வு, அதைத் தாங்கும் ஈயக்கட்டையோ செங்குத்து. வெளியே நீண்ட மெல்லிய வால்கள் ஒடிந்தன. இணைப்புகளில் இடைவெளி விழுந்தது. பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மின் திதோ கட்டையையே சாய்த்து வார்த்தார். ஒளி அச்சுக்கோப்பு வந்த பிறகே அந்தத் தடை முழுதாக விலகியது. 1966இல் எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் ஒளி அச்சுக்கோப்புக்காகவே 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' வடித்தார். அதற்கு அடிப்படை ஸ்னெல்லின் ஒழுங்கான கையெழுத்து என்பதால் அதன் இணைப்புகளும் ஒழுங்காக அமைந்தன.

இணைப்பு ஏன் இவ்வளவு கடினம்? சின்ன எழுத்துகளில் பெரும்பாலானவை அடிக்கோட்டில் முடியும். ஓ, வி, டபிள்யூ ஆகியவை மேலே முடியும். ஓ-வை அடுத்து ஆர் வந்தால் அந்த ஆர் தொடங்கும் இடமே மாற வேண்டும். ஒரே வடிவத்தை எங்கும் வைத்தால் சொல் நடுவே திக்கும். ரிச்சர்ட் லிப்டனின் 'பிக்கம் ஸ்கிரிப்ட்' ஓபன்டைப் என்னும் கணினி எழுத்துரு வடிவத்தில் அக்கம்பக்கம் பார்த்து எழுத்தை மாற்றிக்கொள்வது இதற்காகத்தான். ஹெர்மன் சாப்பின் 'சாப்ஃபினோ' (1998) ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் தந்து, அச்சிட்ட சொல்லுக்குக் கைபட்ட உயிரைக் கொடுத்தது. ஆனால் அதன் நீண்ட வால்களுக்கு வரிகளிடையே தாராளமான இடம் வேண்டும்; நெருக்கினால் மேல்வரியோடு மோதும்.

நம் ஊர்த் திருமண அழைப்பிதழ்களின் ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயரை முழுக்கப் பெரிய எழுத்திலேயே இந்த வகையில் அடிப்பது எனக்கு வேதனை தரும். அந்தப் பெரிய எழுத்துகள் சொல்லின் தலையில் தனித்து நிற்க வரையப்பட்டவை; அடுத்தடுத்து வைத்தால் சுழிப்புகள் சிக்கிப் பெயரே படிக்க முடியாமல் போகும். எழுத்துகளுக்கு நடுவே இடம் விடுவதும் ஆகாது, இணைப்பு அறுந்துவிடும். பெயர்களை ஸ்னெல்லில் பெரிதாக அமைத்து, மண்டப முகவரியையும் முகூர்த்த நேரத்தையும் சாதாரண ரோமன் எழுத்தில் போடுங்கள். சிறிய அளவில் மயிரிழைகள் காகிதத்தில் நிற்காது.