இசைத்தட்டின் உறையும் பாயிர மரபும்

பாட்டினை ஆராய்வார் பலர். பாட்டினைத் தாங்கிவந்த உறையினை ஆராய்வார் அரியர். நூலுக்குப் பாயிரம் எத்தகையதோ அத்தகையதே இசைத்தட்டிற்கு உறை என்பதும், அம்முறை பற்றியே அதன் நிறைகுறைகளை மதிப்பிடல் வேண்டும் என்பதும் யாம் ஈண்டு நிறுவ விழையும் கருத்துகளாம்.

உறையின் முதற்பணி காத்தலேயாம். 1890களின் முற்பகுதியில் பெர்லினர் வெளியிட்ட தட்டுகள் பல வன்ரப்பரால் ஆனவை. கீரிப்பாறை மலைச்சரிவுகளில் ரப்பர்ப்பால் வடிப்பதைக் கண்டு பழகிய நாஞ்சில் நாட்டார்க்கு இஃது இனிய செய்தியாகும். அப்பத்தாண்டிலேயே அரக்குக் கலவை ரப்பரின் இடத்தைப் பெற்றது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அரக்குத் தட்டு எளிதில் உடைவது, கீறலுக்கும் அஞ்சுவது. ஆதலின் தாளுறை வேண்டப்பட்டது. உறையின் நடுவே அமைந்த வட்டத் துளைவழியே தட்டின் முகப்புச்சீட்டுத் தோன்றும். பாடினார் பெயரும் பாட்டின் முதற்குறிப்பும், இசைப்பாடலாயின் இராகமும் தாளமும் பெரும்பாலும் அச்சீட்டில் இடம்பெற்றன.

ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கியமையின், நீண்ட இசைக்குரிய பல தட்டுகளை மேலைநாட்டார் ஏடுபோற் சேர்த்துக் கட்டினர். 'ஆல்பம்' என்னும் வழக்கு இவ்வாறு எழுந்தது. நம் மரபில் அதனைத் தொகை எனலாம். 1940ஐ ஒட்டி, அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்பார் அத்தொகைகளின் வெற்றட்டையை ஓவிய அட்டையாக்கினார். 1948இல் நெடுநேரத் தட்டுத் தோன்றவே, 12 அங்குலச் சதுர அட்டை ஓவியர்க்கு நிலைத்த களமாயிற்று.

பாயிரத்திற்கு நன்னூலார் தரும் பெயர்களுள் முகவுரை, புனைந்துரை, புறவுரை என்பனவும் உள. உறையின் முன்பக்கம் முகவுரை, ஓவியம் புனைந்துரை, பின்பக்கம் புறவுரை. இலக்கணத்தில் புறவுரைக்குப் பொருள் வேறாயினும், ஒப்புமை பற்றி ஈண்டு ஆள்கின்றோம். சிறப்புப்பாயிரம் உணர்த்தும் எட்டனுள் ஆக்கியோன் பெயரே முதலாவதாம். தமிழ்த் திரைப்பட இசைத்தட்டுகளின் உறைகள் பலவற்றிலோ, முகம் நடிகர்க்கு உரியதாயிற்று. கவிஞர் பெயர் புறத்தே சிற்றெழுத்தில் ஒதுங்கிற்று. புனைவு வளர, ஆக்கியோன் மறைந்தான்.

எழுத்தறியாதாரும் படங்கண்டு தட்டினைத் தெரிந்தனர் அன்றோ எனின், அப்பயனை யாம் மறுக்கின்றிலேம். முகத்தைக் காட்டுதல் குறையன்று. பெயரை மறைத்தலே குறை. நாகர்கோவிலில் தோன்றிய என். எஸ். கிருஷ்ணன் திரையிற் பாடியவற்றுள் பல உடுமலை நாராயணகவி இயற்றியவை. மக்கள் நாவில் அவை 'கலைவாணர் பாட்டு' என்றே வழங்குகின்றன. பாடினார் புகழில் இயற்றினார் பெயர் கரைவது இயல்பு. அதனைத் தடுக்க வல்லது அச்சிட்ட சான்றே.

இன்று கைப்பேசித் திரையில் உறை விரல்நுனி அளவிற்றாய்ச் சுருங்கிவிட்டது. அப்படத்திற்குப் பின்பக்கமே இல்லை. ஆகலின், தட்டினைப் பேணி உறையினை எறிதல் ஏட்டினைப் பேணிப் பாயிரத்தைக் கிழித்தெறிதல் போலாம். தமிழ்த்துறைகள் எஞ்சிய உறைகளைத் தொகுத்து, ஆக்கியோன் பெயரை முதற்கண் பதிந்து அட்டவணை செய்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பாட்டின் வரலாறு எழுதப் புகுவார்க்கு அவ்வட்டவணை இன்றியமையாததாகும்.