‘நீ யார்?’ என்னும் வினா

வகுப்பிலே ஒரு பயிற்சி உண்டு. “நான் யார்?” என்று மாணவர் எழுத வேண்டும், எழுதியதை எழுந்து நின்று படிக்கவும் வேண்டும். தன்னைத் தானறியட்டும், தயக்கம் தீரட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான்! ஆனால், அந்த வினா எல்லாப் பிள்ளைகள் காதிலும் ஒன்றாகவா ஒலிக்கிறது?

அண்ணல் அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1990-இல் வெளிவந்த ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்னும் சிறு தன்வரலாற்றைப் புரட்டுங்கள், தோழர்களே! ஆண்டு 1901. மசூர் ரயில் நிலையத்தில் நல்லுடை அணிந்த சிறுவர் சிலர் தந்தையை எதிர்பார்த்து நிற்கின்றனர். நிலைய அதிகாரி அன்போடு வினவுகிறார், யார் நீங்கள் என்று. மகர் என்கிறான் பாலகன் பீமன், சூதறியாமல். அதிகாரியின் முகம் மாறுகிறது, அன்பு மறைகிறது. வண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கின்றனர். இறுதியில் இரட்டைக் கூலி. அதற்கும் சிறுவரே வண்டியோட்ட, வண்டிக்காரன் நடந்து வருகிறான். கூடையிலே உணவு உண்டு. குடிக்க நீர் தருவாரில்லை!

இதிலே அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. கூலி எவ்வளவு, நீர் எங்கே மறுக்கப்பட்டது எனக் கணக்கெழுதுவதுபோல் எழுதிச் செல்கிறார். அந்த அடக்கமே நூலின் ஆற்றல். உண்மை சொன்ன பிள்ளைக்கு உலகம் தந்த பரிசு எது என்பதை, உரத்த குரலின்றி உணர்த்துகிறது.

பழங்கதை என்பீரோ? 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெயரின் வாலை வெட்டினோம். வாலோ மணிக்கட்டிலே வண்ணக் கயிறாக முளைத்தது! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில் கயிறுகளைத் தடுக்கப் பரிந்துரைத்தது.

கயிறு கட்டியவன் துள்ளியெழுந்து படிப்பான். “உதவித்தொகை வாங்குவோர் எழுந்து நில்லுங்கள்” என்ற குரலுக்கு ஏற்கெனவே கூனி நின்றவன், மீண்டும் எதைப் படிப்பான்? பொய்யை எழுதுவான், அல்லது ஊமையாவான். பயிற்சியை ஒழிக்கச் சொல்லவில்லை. கட்டாயத்தை ஒழிக்கச் சொல்கிறேன். எழுதிய தாளைப் படிப்பதா, மடித்துப் பைக்குள் வைப்பதா என்பது எழுதியவன் உரிமை. முதல் தாளை ஆசிரியரே எழுதிப் படிக்கட்டும். தம் பிறப்பு தமக்குத் திறந்த கதவுகளையும் மூடிய கதவுகளையும் மறைக்காமல்.