சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே: யுபிவிசி ஜன்னல், ஒரு மதிப்பீடு

தமிழகக் கடற்கரை நகரங்களின் புதிய வீடுகளில் தேக்கும் வேங்கையும் இருந்த இடத்தை யுபிவிசி ஜன்னல் பெருமளவு பிடித்துக்கொண்டிருக்கிறது. யுபிவிசி என்பது நெகிழ்வூட்டி கலக்காத, அதனால் விறைப்பாக நிற்கும் பாலிவினைல் குளோரைடு. அதை உள்ளறைகள் கொண்ட குழல்களாக உருவாக்கி, உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைச் செருகி, மூலைகளைச் சூட்டில் உருக்கி ஒட்டிச் சட்டமாக்குகிறார்கள். கரையான் அரிக்காது, மழையில் ஊதாது, உப்புக்காற்றில் துருப்பிடிக்காது என்று விற்பவர் சொல்வதெல்லாம் பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை உண்மையே. எனினும் வடகிழக்குப் பருவமழையில் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது உள்சுவர் நனையும் வீடுகளில், குறை பெரும்பாலும் சட்டத்தைச் சுற்றியுள்ள விரற்கடை இடைவெளியிலும், நீர் வெளியேற வேண்டிய துளைகளிலுமே காணப்படுகிறது. ஆகவே சுவரில் ஏறிய பிறகு ஜன்னல் எப்படி நடந்துகொள்கிறது என்பதையே இங்கு அளவுகோலாகக் கொள்வது பொருந்தும்.

சந்தையில் பரவலாக விற்பது, கண்ணாடிக் கதவுகள் அடிச்சட்டத்தின் தண்டவாளங்களில் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் வகை. கதவு தடையின்றி நகர வேண்டுமாதலால் அதன் ஓரங்களில் பெரும்பாலும் மெல்லிய இழைகளாலான பிரஷ் பட்டையே பொருத்தப்படுகிறது. அது தூசியைப் பெருமளவு தடுக்குமே தவிர, காற்று தள்ளிக்கொண்டு வரும் நீரை முழுதாக நிறுத்தாது. அவ்வாறு நுழையும் நீர் தண்டவாளப் பள்ளத்தில் சேர்ந்து, அடிச்சட்டத்தின் வெளிமுகத்திலுள்ள வடிதுளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. இதன் எல்லையை ஓர் எளிய கணக்கு காட்டிவிடுகிறது. நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற காற்றின் வேகத்தை இருமடியாக்கி 0.6 ஆல் பெருக்கினால் அந்தக் காற்றின் அழுத்தம் பாஸ்கல் அலகில் கிடைக்கும். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியிலுள்ள சூத்திரமும் இதுவே. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 30 மீட்டர். அழுத்தம் 540 பாஸ்கல். அது ஏறத்தாழ 55 மில்லிமீட்டர் உயர நீரை நிறுத்திவைக்கப் போதுமானது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரைகடந்த வர்தா புயலை ஒத்த காற்றில், பள்ளத்தின் உள்விளிம்பு அந்த உயரத்துக்குக் குறைவாக இருந்தால், துளைகளில் அடைப்பே இல்லாவிட்டாலும், நீர் வெளியே இறங்க வழியின்றி வீட்டுக்குள் வழியும். கடலைப் பார்த்த சுவருக்கு இந்த வகையை வாங்குபவர் கண்ணாடியின் தடிமனை விசாரிப்பதற்கு முன்பே உள்விளிம்பின் உயரத்தை விசாரிக்க வேண்டும்.

கீலில் வெளிப்புறமாகத் திறக்கும் கேஸ்மென்ட் வகை இந்தச் சோதனையில் தெளிவாக முந்துகிறது. அதன் கதவு மூடும்போது சுற்றிலுமுள்ள ரப்பர் பட்டைகளின்மேல் அழுந்துகிறது. வெளிப்பட்டைக்கும் உள்பட்டைக்கும் நடுவிலுள்ள குழி துளைகள் வழியாக வெளிக்காற்றோடு தொடர்புகொண்டிருப்பதால், அங்கும் வெளியிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. தள்ளும் விசை இல்லாத நீர் தன் எடையால் கீழிறங்கி வெளியேறுகிறது. உள்பட்டை மூலைகளில் வெட்டுப்பட்டிருந்தால் இந்த ஏற்பாடு குலையும். பாதுகாப்புக் கம்பியும் கொசுவலையும் வேண்டும் என்ற நம் வீடுகளின் தேவை இதற்குச் சற்றுத் தடையாக நிற்கிறது: கம்பி உட்புறம் போக வேண்டும், வலைக்கு உள்நோக்கித் திறக்கும் தனிக் கதவு வேண்டும், கைப்பிடிக்குக் கை எட்டவும் வேண்டும். ஸ்லைடிங் வகையிலோ மூன்றாவது தண்டவாளத்தில் வலை எளிதாக ஓடிவிடும். அதன் விற்பனைக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

எந்த வகையாயினும் இறுதித் தீர்ப்பு பொருத்துபவரின் கையில் இருக்கிறது. மர நிலையைக் கொத்தனார் சுவர் எழும்பும்போதே ஹோல்டுபாஸ்ட் என்ற இரும்புப் பிடி வைத்துக் கட்டிவிடுவார். யுபிவிசி சட்டமோ பூச்சு முடிந்த திறப்பில் பின்னால் வந்து அமர்கிறது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் இந்தப் பிளாஸ்டிக் மீட்டருக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீள்கிறது, கான்கிரீட் 0.01 மில்லிமீட்டர் அளவே நீள்கிறது, 1.8 மீட்டர் அகலச் சட்டம் 25 பாகை சூடேறினால் 3 மில்லிமீட்டர் வரை விரிய முயலும். ஆகையால் சட்டத்தைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டே தீர வேண்டும். திறப்பு சிறுத்துப்போனதென்று சட்டத்தை அடித்து இறக்குவதும், பெருத்துப்போனதென்று சிமென்ட் கலவையால் நெருக்கி அடைப்பதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். ஆப்பு வைத்து, ரசமட்டமும் தூக்குக்குண்டும் பார்த்து, இரு மூலைவிட்டங்களும் சமமென்று உறுதிசெய்த பின்னரே ஆங்கர் திருகுகள் இறங்க வேண்டும். மூலையிலிருந்து 150 முதல் 250 மில்லிமீட்டர் தொலைவில் முதல் திருகும், அடுத்தடுத்தவை 600 மில்லிமீட்டருக்கு மிகாத தொலைவிலும் அமைவது நல்ல முறை. ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்டவாளப் பள்ளத்தின் ஊடாகத் துளையிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. வடிந்து வெளியேற வேண்டிய நீருக்குச் சுவருக்குள் இறங்க அது தனி வழி திறந்துவிடுகிறது. அங்கே கிளாம்ப் வைத்து முடுக்குவதே சரி.

இடைவெளியை நிரப்பும் ஃபோமை நீர்த்தடுப்பு என்று எண்ணுவதும் பரவலாக உள்ளது. அது இடத்தை நிரப்பிக் காற்றையும் ஒலியையும் குறைக்கும். வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடியும். அளவுக்கு மீறி அடித்தால் சட்டத்தை உள்நோக்கி வளைத்துக் கதவைச் சிக்கவைக்கும். நீரைத் தடுப்பது வெளிப்புறத்து சிலிகான் வரிதான். புளிக்காடியின் நெடி வீசும் விலை குறைந்த சிலிகான், கெட்டியாகும்போது அமிலத்தை வெளியிடுவதால் சிமென்ட் பூச்சில் நிலைத்து ஒட்டாது. நெடியற்ற நியூட்ரல் வகையே தேவை. பூச்சின் தூசியைத் துடைத்தெடுத்து, உள்ளே நுரைக்கயிறு வைத்து, சிலிகான் சட்டத்திலும் சுவரிலும் மட்டும் பற்றுமாறு இழுத்தால், சட்டம் விரிந்து சுருங்கும்போது வரி கிழியாமல் உடன் நீளும். இதே சிலிகானை வடிதுளைகளின் மேலும் பூசிவிடும் பணியாளர்கள் உண்டு. வெளியே நீர் சொட்டுவதை ஒழுக்கு என்று கருதிச் செய்யப்படும் அந்த அக்கறை, ஜன்னலின் ஒரே வடிகாலை அடைத்துவிடுகிறது.

ஜன்னலுக்குக் கீழே பதிக்கும் கிரானைட் பலகை வெளிப்பக்கம் சாய்ந்தும், சுவரைத் தாண்டி நீண்டும், அடியில் நீர் சொட்டுவதற்கான காடியுடனும் இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்த பலகையை எந்தச் சிலிகானாலும் காப்பாற்ற முடியாது. கடலோர வீடுகளில் கீல்களும் திருகுகளும் துருவேறா எஃகாக இல்லாவிட்டால் சட்டத்துக்கு முன்பாகவே அவை ஆயுளை முடித்துக்கொள்ளும்.

மழையும் காற்றும் நேரே அடிக்கும் பக்கத்துக்கு கேஸ்மென்ட், சன்ஷேடு நன்கு மறைக்கும் மற்றப் பக்கங்களுக்கு ஸ்லைடிங் என்று ஒரே வீட்டில் இரண்டையும் கலந்து வைப்பதே செலவுக்கும் பயனுக்கும் பொருந்திய தேர்வு. உட்பூச்சுக்குப் பட்டி பார்ப்பதற்கும், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கும் முன்னால், தோட்டக் குழாயால் அடிச்சட்டத்தில் தொடங்கி மேல்நோக்கிச் சிறிது சிறிதாக நீர் அடித்து, உள்ளே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கும் வழிந்து, நுழைந்த இடம் தெரியாமல் போகும். ஈரம் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் தோன்றினால் பொருத்தியவர் அந்த வரியை அறுத்தெடுத்துப் புதிதாக இழுக்க வேண்டும். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் தோன்றி, பூட்டுகளை இறுக்கியும் நிற்காவிட்டால், கதவைத் தயாரித்தவரே மாற்றித்தர வேண்டும்.