புள்ளியை யார் வைப்பது? லினக்ஸ் கணினியில் தமிழ்99

'கள்ளக்குறிச்சி' என்னும் பெயரில் எத்தனை புள்ளிகள் உள்ளன? ள், க், ச் என மூன்று. தமிழ்99 விசைப்பலகையில் இப்பெயரை அடிக்கும்போது அவற்றுள் ஒன்றைக்கூட நாம் வைக்க வேண்டியதில்லை. க, ள, ள, க, க, உ, ற, இ, ச, ச, இ என்று 11 முறை அடித்தால் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுகிறது. ங-வை அடுத்துக் க, ந-வை அடுத்துத் த என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. சங்கராபுரத்தில் உள்ள 'ங்' அவ்வாறு கிடைப்பதுதான். ஈற்றில் உள்ள 'ம்' என்பதற்கு மட்டும் நாமே புள்ளி வைக்கவேண்டும். இலக்கண வகுப்பில் மெய்ம்மயக்கம் என்று படித்தோமே, அதன் ஒரு துளி இங்கே இயந்திரத்துக்குள் புகுந்துள்ளது!

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டு, அதே ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிர் 12, மெய் 18, புள்ளி 1. ஆக 31 விசைகள். உயிர்கள் இடக்கைக்கு, மெய்களிற் பெரும்பாலானவை வலக்கைக்கு. மெய்யும் உயிரும் மாறிமாறி வருவதால் இரு கைகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இவ்வளவு நல்ல அமைப்பு லினக்ஸ் கணினியில் சரியாக வேலை செய்வதில்லை என்று மாணவர் சிலர் குறைப்படுவதுண்டு. குறை உண்மைதான். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நீங்கள் ஒரு விசையை அழுத்தும்போது கணினிக்குப் போய்ச் சேருவது எழுத்தன்று, ஓர் எண். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை எக்ஸ்கேபி என்னும் அட்டவணை சொல்கிறது. அச்சகத்து எழுத்துப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். இந்த அறையில் 'க', அந்த அறையில் 'ச'. கைவிட்ட அறையில் இருப்பதுதான் கிடைக்கும். சற்றுமுன் எந்த எழுத்தை எடுத்தீர்கள் என்று பெட்டிக்குத் தெரியாது. தமிழ்99-க்கோ அந்த நினைவுதான் உயிர். 'உ' விசை சொல்லின் முதலில் உகரமாகவும், மெய்யை அடுத்து வரும்போது அதன் குறியாகவும் மாறவேண்டும். வெறும் அட்டவணையால் இது ஆகாது. 'கள்ளக்குறிச்சி'யை அதில் அடிக்கப் புள்ளியும் குறியும் தனித்தனியே சேர்த்து 14 விசைகள் வேண்டும்.

லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் 'தமிழ்நெட் 99' என்ற பெயரிலேயே ஓர் அட்டவணை இருக்கிறது. பெயரை நம்பி அதைத் தேர்ந்தவர், தமிழ்99-ஐயே குறைகூறித் திரும்புகிறார். பெயர் வைத்தவர்கள் இதைச் சிந்தித்திருக்கலாம்! உண்மையான தமிழ்99 வேண்டுமானால் ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளையும், அதனுடன் இயங்கும் எம்17என் தொகுப்பையும் நிறுவி, அங்கே தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது பெட்டியன்று, முன் எழுத்தைப் பார்த்து அடுத்ததைக் கோக்கும் அச்சுக்கோப்பவர்.

அமைப்பிலும் குறை உண்டு. 'மனனம்' என்று அடித்தால் 'மன்னம்' என்று வரும். இடையில் 'அ' விசையைத் தட்டித் தானியங்கிப் புள்ளியைத் தடுக்கவேண்டும். இது பழகிவிடும். பெருங்குறை 'ச' இருக்கும் இடம். அடிக்கடி வரும் இந்த எழுத்தை வலக்கைச் சுண்டுவிரல் எட்டிப் பிடிக்கும் மூலையில் வைத்திருக்கிறார்கள். 'குறிச்சி' என்று முடியும் ஊர்களில் வாழ்வோருக்கு அவ்விரல் நோகத்தான் செய்யும்.

எம்17என் தொகுப்பின் விதிகள் யாவும் யாரும் திறந்து படிக்கக்கூடிய உரைக்கோப்பில் உள்ளன. 'ச'-வை வேறிடத்துக்கு மாற்றுவது அரைமணி வேலை. திறமூல மென்பொருளின் பெருமை அது. எனினும் எழுத்துகளை இடம் மாற்றாதீர்கள் என்றே சொல்வேன். வெள்ளிமலையில் தம் கணினியில் மட்டும் மாற்றிப் பழகிய மாணவர், மலையிறங்கிக் கள்ளக்குறிச்சியில் ஒரு கணினி மையத்தில் உட்காரும்போது விரல்கள் தடுமாறும். வேலைக்கான தேர்வுக்கூடத்தில் அவருடைய கோப்பை யார் வைத்திருப்பார்கள்?

குறுக்கு விசைகள் வேறு வகை. அவை இல்லாத இடத்தில் முழுதாக அடித்துக்கொள்ளலாம்; கை கெடாது. 'கல்வராயன்மலை வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்று நாள்தோறும் விண்ணப்பங்களில் எழுதுபவர், எஸ்பான்சோ என்னும் திறமூல மென்பொருளில் ஒரு சிறு குறியை அமைத்துக்கொண்டால், குறியை அடித்தவுடன் முழு முகவரியும் வந்து நிற்கும். குறியை ஆங்கில எழுத்தில் வைப்பது நலம். இத்தகைய மென்பொருள் கவனிப்பது விசைகளையே. ஐபஸ் ஆக்கித்தரும் தமிழ் எழுத்தை அன்று.

விசைகளைக் கவனிக்கிறது என்றால் கடவுச்சொல்லையும் கவனிக்கிறது என்றுதான் பொருள். ஆகவே மூலநிரல் வெளிப்படையாக இல்லாத எதையும் இவ்வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்11 என்னும் பழைய திரைமுறையில் எந்த நிரலும் மற்றொன்றின் விசைகளை ஒட்டுக்கேட்கலாம். பல லினக்ஸ் தொகுப்புகள் இப்போது மாறிவரும் வேலண்ட் முறையில் அதற்கு இடமில்லை. எக்ஸ்11-க்கென எழுதப்பட்ட ஆட்டோகீ போன்ற கருவிகள் அங்கே திடீரென ஊமையாவது இதனாலேதான்.