எட்டாவது மேனேஜர்

சயாகா முராத்தாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்' நாவலைப் பற்றி நம் வாசிப்புக் கூட்டங்களில் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் போய் நிற்கும். முதலாளித்துவம் மனுஷனை இயந்திரமாக்கிவிட்டது. கல்யாணம் ஆகாத பெண்ணைச் சமூகம் நிம்மதியாக விடாது. ரெண்டுமே தப்பில்லை. ஆனால் இந்தப் பேச்சில் அந்தக் கடையின் மேனேஜர் காணாமல் போய்விடுகிறார். எனக்கு நாவலில் முக்கியமான ஆளே அவர்தான்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: 2016இல் அகுதாகவா விருது வாங்கிய சின்ன நாவல். நான் படித்தது 2018இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. கெய்கோவுக்கு 36 வயது. 18 வருஷமாக ஒரே கடையில் பகுதிநேர வேலை. பள்ளியில் ரெண்டு பையன்கள் சண்டை போட, யாராவது நிறுத்துங்கள் என்று மற்றவர்கள் கத்த, மண்வெட்டியை எடுத்து ஒருவன் தலையில் போட்டு நிறுத்தியவள். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் அவளை எப்படிக் குணப்படுத்துவது என்றே யோசிக்கிறார்கள்.

நாவலில் ஆட்டிசம் என்ற சொல் எங்கேயும் வராது. எனக்கு அது இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தது 25 வயதில். அதற்காகக் கெய்கோவுக்கும் நான் ஒரு சீட்டு எழுதப் போவதில்லை. அந்த வேலைக்கு நாவலிலேயே நிறைய ஆள் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. இப்படி ஒருத்திக்கு எந்த மாதிரி மேனேஜர் கஷ்டமானவர்?

ஏசுகிற மேனேஜர் என்றுதான் சட்டென்று தோன்றும். முராத்தா அப்படி எழுதவில்லை. இருக்கிற மேனேஜர் எட்டாவது ஆள். அவருக்கு முன்னால் சோம்பேறி வந்திருக்கிறார், யாருக்குமே பிடிக்காதவரும் வந்திருக்கிறார். கெய்கோ எல்லோரையும் தாண்டி வந்துவிட்டாள், காரணம் கையேடு. வாடிக்கையாளரை எப்படி வரவேற்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் கடையின் பயிற்சியில்தான் முதன்முதலாக ஒருவர் அவளுக்குத் தெளிவாகச் சொல்லித் தருகிறார். அவள் இயந்திரமாகிவிட்டாள் என்று நம் நண்பர்கள் வருத்தப்படும் இந்த இடத்தில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர். என் மேனேஜர் தமிழர், கெட்டவரும் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். அவரிடமிருந்து எனக்கு அதிகம் வரும் உத்தரவு, "பாத்து செய்யிங்க தம்பி." இந்த மூன்று சொல்லுக்கு நான் கண்டுபிடித்த அர்த்தங்களே நாலைந்து இருக்கும். கவனமாகச் செய். சீக்கிரம் முடி. என்னிடம் கேட்காதே. கொஞ்சம் விட்டுக்கொடுத்து பாஸ் பண்ணிவிடு. "பாத்துக்கலாம்" என்றால் நடக்காது. கூட்டம் முடிந்ததும், நீங்கள் சொன்னது இவைதானே என்று வரிசை போட்டு மின்னஞ்சல் அனுப்புவேன். நான் அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதாக அவருக்குப் பட்டிருக்கிறது. வருடாந்திர மதிப்பீட்டில் 'ஆட்டிடியூட்' என்ற கட்டத்தில் அது வந்து உட்கார்ந்தது.

சொல்லிவிடேன் என்கிறார்கள் நண்பர்கள். சமூகநல இலாகா ஆட்டிசத்தை ஓகேயூ அட்டையில் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் பதிகிறது. டிகிரி முடித்தவன் அந்த அட்டையை நீட்டினால் மேனேஜர் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்பதற்கு எந்தக் கையேடும் இல்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் சமத்துவம் என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அதில் தேடிப் பாருங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய தயக்கத்தைக் கொடுத்தது நாவலின் பிற்பகுதி. வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஷிராஹா என்பவன் கெய்கோவின் வீட்டில் வந்து ஒட்டிக்கொள்கிறான். அந்தச் செய்தி கடைக்குத் தெரிந்ததும் எட்டாவது மேனேஜர் மலர்ந்துவிடுகிறார். அதுவரை அவர்கள் பேசியதெல்லாம் சரக்கு, விற்பனை, யார் எந்த ஷிப்ட். இனி அவள் வாயைத் திறந்தாலே ஷிராஹாதான். கோழித்துண்டு சலுகை நடக்கும் நாளில், தயார் செய்யவேண்டிய நேரத்தில் மேனேஜரும் சக ஊழியரும் நின்று கதை கேட்கிறார்கள். தன்னை விட்டுவிட்டு அவர்கள் அவ்வப்போது வெளியே குடிக்கப் போனதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. இனி நீயும் வா என்கிறார்கள். கெய்கோவுக்கு அது வரவேற்பாகத் தெரியவில்லை. கடை கலைவதைப் பார்ப்பதுபோல் திகைத்து நிற்கிறாள்.

எட்டாவது மேனேஜர் அவளிடம் அன்பாகத்தான் இருக்கிறார். அதுதான் சிக்கல். புரியாத ஒருத்திக்குக் கடைசியில் ஒரு விளக்கம் கிடைத்துவிட்ட நிம்மதி அவருக்கு. அந்த விளக்கம் கிடைத்த நாளிலிருந்து அவளுடைய வேலை அவர் கண்ணில் படவே இல்லை. 18 வருஷ வேலை. நான் சொன்னாலும் என் மேனேஜர் ஏசமாட்டார் என்று நினைக்கிறேன். தோளில் கைபோட்டு "ஓ, அதானா தம்பி" என்பார். அன்றிலிருந்து நான் எழுதும் டெஸ்ட் ரிப்போர்ட்டை அவர் எப்படிப் படிப்பார்?

ஆங்கிலத் தலைப்பில் இருக்கும் 'வுமன்' ஜப்பானிய மூலத்தில் இல்லை. 'கொம்பினி நிங்கென்', அதாவது கடை மனிதர். கல்யாண வாசிப்பைக் கொஞ்சம் இந்தத் தலைப்பும் தள்ளிவிட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. ஷிராஹா வாயைத் திறந்தால் கற்காலத்திலிருந்து மனிதன் மாறவே இல்லை என்று பிரசங்கம். இரண்டு தடவைக்கு மேல் தாங்கவில்லை. முராத்தாவே கடையில் பகுதிநேரமாக வேலை பார்த்தவர். அலமாரியை எழுதும்போது இருக்கும் கை, இவனை எழுதும்போது இல்லை. மேனேஜரையும் கொஞ்சம் சுலபமாக விட்டுவிடுகிறார். கெய்கோ வேலையை விட்டுப் போகும்போது அவர் சந்தோஷமாக வழியனுப்புகிறார், அத்தோடு அவர் கதை முடிந்தது.

ஆனால் கடைசிக் காட்சிக்காக நான் பலதையும் மன்னிப்பேன். வேறொரு வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் வழியில் கெய்கோ தெரியாத ஒரு கடைக்குள் நுழைகிறாள். எது எங்கே இருக்கவேண்டும் என்று அந்தக் கடை அவளிடம் சொல்ல ஆரம்பிக்கிறது. அலமாரியைச் சரிசெய்கிறாள், அங்கிருக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். யாரும் தடுக்கவில்லை. நேர்காணலுக்காகக் கோட்டு சூட்டு போட்டிருப்பதால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.