பதினாலு பெண்களும் ஒரு பையனும்

முன்னால் பெரிய பள்ளத்தாக்கு. பாலம் கிடையாது. சுற்றிப் போக நேரமும் இல்லை. நீங்கள் படைத் தலைவியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறி நின்று கோபுரம் கட்டுகிறார்கள். கோபுரம் அப்படியே முன்பக்கம் சாய்கிறது. உச்சியில் இருப்பவர் எதிர்க்கரையை எட்டிப் பிடித்துக்கொள்ள, மிச்சப் படை அந்த முதுகுகள் மேல் நடந்து போகிறது. ஃபிஸிக்ஸ் வாத்தியார்கள் இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம். மற்றவர்கள் மூடாதீர்கள். இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

படம், 'தி ஃபோர்ட்டீன் அமேசான்ஸ்'. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் 1972-ல் எடுத்தது, டைரக்‌ஷன் செங் காங். சண்டை அமைத்தவர்களில் ஒருவர் அவருடைய மகன் சிங் சியூ-டங். அப்போது அவருக்கு இருபது வயசுகூட ஆகவில்லை. பிற்பாடு 'ஹீரோ'வில் ஜெட் லீயையும், 'க்ரிஷ்'ஷில் நம்ம ஹ்ரித்திக் ரோஷனையும் பறக்கவிட்டவர் இவர்தான்.

கதை சிம்பிள். சோங் வம்ச ஆட்சி. எல்லையில் மேற்கு ஷியா படையெடுப்பு. தலைமுறை தலைமுறையாக நாட்டுக்கு உயிரைக் கொடுத்த யாங் குடும்பத்தின் கடைசித் தளபதியும் செத்துப்போகிறான். படை அனுப்ப அரண்மனைக்கு மனசில்லை. சரி, நீங்கள் வரவேண்டாம், நாங்களே போகிறோம் என்று கிளம்புகிறார்கள் வீட்டுப் பெண்கள். தலைமை தாங்குவது தடி ஊன்றிய பாட்டி.

அந்தப் பாட்டியாக வரும் லிசா லூவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு இருக்கும். நம்பவே முடியாது. நடை, குரல், கோபத்தை அடக்கிக்கொண்டு தடியை இறுக்கும் விரல் எல்லாம் பழுத்த கிழவி. பின்னால் 'லாஸ்ட் எம்ப்ரர்' படத்தில் சாகக் கிடக்கும் மகாராணியாக வந்தவரும், 2018-ல் 'க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் பணக்காரப் பாட்டியாக வந்தவரும் இவரேதான்.

குறை இல்லாமலில்லை. பதினாலு பேரில் ஐந்தாறு முகங்களுக்கு மேல் ஞாபகம் நிற்காது. யார் சித்தி, யார் நாத்தனார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி செத்துவிடுகிறாள். ரத்தம் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி அப்பட்டமான சிவப்பு. ஆனால் வழக்கமான பழிவாங்கும் படத்தில் ஹீரோ தனியாக வந்து நூறு பேரைச் சாய்ப்பான். இதில் யாரும் தனியாக ஜெயிப்பதில்லை. அந்தப் பாலத்தில் எந்த முதுகு யாருடையது என்று தெரியவே தெரியாது. அதுதான் அழகு.

இனிமேல்தான் சங்கதி. யாங் குடும்பம் நிஜம். யாங் யே என்ற தளபதி 986-ல் போரில் பிடிபட்டு, பட்டினி கிடந்து உயிரை விட்டதைச் சரித்திரம் பதிவு செய்திருக்கிறது. ஆனால் படத்தின் நாயகி மு க்வேயிங்? சரித்திரத்தில் ஆளே இல்லை. கதைசொல்லிகளும் நாடகக்காரர்களும் உண்டாக்கிய பெண். ராஜாவின் எழுத்தர்கள் ஆண்களை எழுதி வைத்தார்கள். அந்த ஆண்கள் செத்த பிறகு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஜனங்கள் யோசித்தார்கள். விடைதான் மு க்வேயிங்.

அவளைச் சீன மேடையில் ஆண்களே ஆடியதும் உண்டு. பெண் வேஷத்துக்குப் பெயர்போன மெய் லான்ஃபாங் 1959-ல், அறுபதைத் தாண்டிய வயசில், மு க்வேயிங்காக ஆடினார். இந்தப் படத்தில் அந்த வேஷம் ஐவி லிங் போவுக்கு. அவரோ 1963-ல் 'தி லவ் எடர்ன்' படத்தில் காதலனாக, ஆம், ஆணாக நடித்துப் புகழ் பெற்றவர்!

படத்திடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. இத்தனை பெண்கள் சாவது யாருக்காக? புருஷன் வீட்டுப் பெயருக்காக. மிஞ்சியிருக்கும் ஒரே ஆண் வாரிசு, மு க்வேயிங்கின் பையன் வென்குவாங். வம்சம் அவனால்தான் தழைக்க வேண்டுமாம். வாளெடுத்த பெண்களும் கடைசியில் காவல் காப்பது ஒரு பையனைத்தானா என்று எரிச்சல் வந்தது.

அப்புறம் நடிகர் பட்டியலைப் பார்த்தேன். வென்குவாங்காக நடித்திருப்பவர் லில்லி ஹோ. ஷா பிரதர்ஸின் கவர்ச்சி நட்சத்திரம்.

வம்சத்துக்கு ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்கிறது கதை. அந்த ஆண்பிள்ளைக்கும் ஒரு பெண்தான் தேவைப்பட்டிருக்கிறாள்.